மணித்தடி இன்றைக்கு யார் வீட்டு வாசலில்?

உத்தராகண்ட் மாநிலத்தில் உஃப்ரைங்கால் என்று ஒரு சின்னக் கடைத்தெரு ஊர் இருக்கிறது. பௌரி, சமோலி, அல்மோரா என்ற மூன்று மாவட்டங்களும் கிட்டக்கிட்ட வந்து சேரும் மலைப்பகுதி அது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களிடம் ஒரு தடி உண்டு. தலையில் மணிகள் கட்டிய கைத்தடி. அவர்கள் மொழியில் அதற்குக் காங்கர் என்று பேர். இன்றைக்குக் காட்டுக் காவல் யாருடைய முறையோ, அவள் அந்தத் தடியை எடுத்துக்கொண்டு போவாள். நடக்க நடக்க மணி சத்தம் போடும். காவல் வந்துவிட்டது என்று காட்டுக்குள் திருட்டுத்தனமாக விறகு வெட்டுகிறவளுக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் திரும்பி வரும்போது தடியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். பக்கத்து வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் காலையில் கதவைத் திறக்கிற பெண், வாசலில் தடி இருப்பதைப் பார்த்தால் போதும். அன்றைக்கு அவள் முறை.

பதிவேடு கிடையாது, சம்பளம் கிடையாது. "நேத்து நான் போனேன், இன்னிக்கு நீ போ" என்ற வாக்குவாதமும் கிடையாது. நம்ம குழுவில் கூட்டத்துக்கு வராதவங்களுக்கு அபராதம் போட்டு, அதை வசூலிக்க இன்னொரு கூட்டம் போடுகிறோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடி எப்படி அந்த வாசலுக்கு வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. சிப்கோ என்ற பேரை நம்மில் பல பேர் பயிற்சிகளில் கேட்டிருப்போம். மரத்தைப் பெண்கள் கட்டிப்பிடித்து நிற்கிற படத்தையும் பார்த்திருப்போம். அந்தப் படத்தோடு கதை முடிந்துவிட்ட மாதிரி எல்லாரும் சொல்கிறார்கள். கட்டிப்பிடித்தது சில நாள் வேலை. அதற்கு முன்னால் நூறு வருஷக் கதையும், பின்னால் இன்றுவரை நடக்கிற வேலையும் இருக்கின்றன. படம் எடுக்க யாரும் வராத அந்த வேலையைத்தான் நான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் நிலம் யாருடையது என்ற பழைய வழக்கு. 1815-ல் கூர்க்காக்களைத் தோற்கடித்துக் குமாவுன் மலைகளையும், அலக்நந்தா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள கட்வாலையும் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். மலைக்காரர்களுக்குப் படிக்கட்டு மாதிரி வெட்டிய கொஞ்சம் வயல்தான் சொந்தம். மாடு மேய்வது, புல் அறுப்பது, விறகு பொறுக்குவது, குழை ஒடிப்பது, கலப்பைக்கு மரம் வெட்டுவது எல்லாம் ஊருக்குப் பொதுவான மலைச்சரிவில். அது யார் பேரிலும் இல்லை. ஆனால் எந்தச் சரிவு எந்த ஊருக்கு, எப்போது புல்லுக்குத் திறப்பது, எப்போது அடைப்பது என்று ஊருக்குள் கட்டுப்பாடு இருந்தது.

1893-ல் அரசு ஓர் அறிவிப்புப் போட்டது. அளந்து பட்டா கொடுத்த நிலம் தவிர மற்றதெல்லாம் அரசின் காடு. மேய்ச்சல் நிலம், பாதையோரம், ஆற்றுப்படுகை, பனி மூடிய சிகரம், எல்லாமே ஒரே வரியில் காடாகிவிட்டன. பிறகு 1911 முதல் 1917 வரை அளந்து, குமாவுன் பகுதியில் சுமார் 3,000 சதுர மைலை ஒதுக்கப்பட்ட காடு என்று வேலி கட்டாமல் வேலி கட்டினார்கள். ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும், பைன் மரத்துப் பாலில் கர்ப்பூரத்தைலமும் ரோசினும் எடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு எத்தனை மாடு மேயலாம், எந்த மரத்தில் குழை ஒடிக்கலாம் என்று எண்ணிக்கை வந்தது. மீறினால் அபராதம். புல்லுக்கும் விறகுக்கும் போகிறவர்கள் பெண்கள்தான். ஆகவே காவலரிடம் அரிவாளைப் பறிகொடுத்தவர்களும் பெண்கள்தான்.

1921 தைப் பிறப்பு அன்று, அதாவது நாம் பொங்கல் வைக்கிற அதே நாளில், பாகேஷ்வரில் சரயு ஆற்றங்கரையில் பெரிய திருவிழாக் கூட்டம். துரைமார்களுக்குக் கூலியில்லாமல் மூட்டை சுமக்கிற வழக்கத்தை இனிச் செய்யமாட்டோம் என்று சபதம் எடுத்து, யார் யார் சுமக்க வேண்டும் என்று பேர் எழுதிய பதிவேடுகளை ஊர்த்தலைவர்கள் ஆற்றில் எறிந்தார்கள். அந்தக் கோடையிலேயே ஒதுக்கப்பட்ட காடுகள் பல இடத்தில் எரிந்தன. பெரும்பாலும் அரசு வியாபாரத்துக்கு வளர்த்த பைன் காடுகள். கருவாலி மாதிரி அகன்ற இலை மரக்காடுகளில் மக்கள் அவ்வளவாகத் தீ வைக்கவில்லை. மாட்டுக்குக் குழை அதில்தானே.

தீயைப் பார்த்த பிறகு அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் தொடர்ச்சியாக 1931-ல் வன் பஞ்சாயத்து விதிகள் வந்தன. ஊர்க் காட்டையும் புல்வெளியையும் ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு உத்தராகண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. நல்ல ஊர்களில் காவல்காரனுக்கு வீட்டுக்கு இவ்வளவு தானியம் என்று அளந்து கொடுத்தார்கள். மழைக்காலம் முழுக்கப் புல்வெளியை அடைத்து வைத்து, பிறகு நாள் குறித்துத் திறந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், ஓர் அரிவாள் என்று கணக்கு.

ஒரே ஒரு குறை. பஞ்சாயத்தில் உட்கார்ந்தது ஆண்கள். அரிவாள் பிடித்தது பெண்கள்.

1962-ல் சீனாவோடு சண்டை வந்தது. திபெத்துக்குப் போகிற கணவாய்கள் அடைபட்டன. உப்பும் கம்பளியும் வாங்கி விற்று வாழ்ந்த எல்லையோர போட்டியா மக்களின் பிழைப்பு போயிற்று. ராணுவத்துக்காக மலை மேலெல்லாம் சாலை வந்தது. சாலை வழியே ராணுவம் மட்டுமா போகும்? மரக் காண்டிராக்டர்களும் லாரிகளும் சேர்ந்தே ஏறினார்கள்.

1970 ஜூலையில் அலக்நந்தாவில் பெருவெள்ளம். பேலாகூச்சி என்ற ஊரே போய்விட்டது. 1893-ல் மலை சரிந்து உண்டான கோனா ஏரி, மண் நிரம்பி அந்த வெள்ளத்தோடு அழிந்தது. அடித்து வந்த வண்டல் கீழே சமவெளியில் கங்கைக் கால்வாயை அடைத்தது. நிவாரணப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்த கோபேஷ்வர் கிராம சுயராஜ்ய சங்கத்து இளைஞர்கள், எங்கே மேலே மரம் வெட்டியிருந்ததோ அங்கேதான் கீழே சரிவு அதிகம் என்று கண்ணால் பார்த்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் சண்டி பிரசாத் பட். பின்னாளில், 1982-ல், மகசேசே விருது பெற்றவர். வயல் கருவிகள் செய்ய அங்கு மரம் கொஞ்சம் கேட்ட அந்தச் சங்கத்துக்கு வனத்துறை இல்லை என்றது. அதே மரத்தை டென்னிஸ் மட்டை செய்ய வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுத்தது. 1973 ஏப்ரலில் மண்டல் என்ற ஊரில் மக்கள் திரண்டு அந்தக் கம்பெனி ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். மரத்தோடு ஒட்டிக்கொள்வோம் என்ற பேச்சு அங்கே பிறந்தது. சிப்கோ என்றால் ஒட்டிக்கொள் என்று அர்த்தம்.

அடுத்து ரேணி. இது நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை.

கௌரா தேவி 1925-ல் லாதா என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயசிலேயே பக்கத்து ஊரான ரேணியில் கட்டிக்கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயசில் கணவர் இறந்துவிட்டார். கையில் சின்னப் பையன். மாமனார் மாமியாரையும் பார்த்துக்கொண்டு, கம்பளி வியாபாரத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு குடும்பத்தை நிமிர்த்தியவர். 1972-ல் ஊர் மகிளா மங்கள் தளத்துக்கு, அதாவது நம்ம மாதர் சங்கம் மாதிரி ஓர் அமைப்புக்கு, அவரைத் தலைவியாக்கினார்கள். துப்புரவு, காட்டைப் பார்த்துக்கொள்வது, ஊர் விஷயம் பேசுவது, இதுதான் அந்தச் சங்கத்து வேலை. தலைவர் என்றால் மாலை போடுவார்கள் என்று நினைத்து அவர் வந்திருக்க மாட்டார்.

1974 ஜனவரியில் ரேணிக்கு மேலே உள்ள காட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை ஏலம் விட்டாயிற்று. மார்ச் 26 அன்று ஊரில் ஆண்கள் யாரும் இல்லை. 1962-க்குப் பிறகு ராணுவம் எடுத்த நிலத்துக்கு நஷ்ட ஈடு தருகிறோம், சமோலிக்கு வாருங்கள் என்று அழைப்பு. பத்து வருஷத்துக்கு மேல் வராத பணம் அன்றைக்குப் பார்த்து வந்தது. சங்கத்து ஆட்களை உயர் அதிகாரி ஒருவர் பேச்சுவார்த்தை என்று கோபேஷ்வரில் உட்கார வைத்திருந்தார். அந்த நேரத்தில் கூலியாட்கள் ரேணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, ஊருக்குள் வராமல் ஆற்றோரமாகக் காட்டுக்கு ஏறினார்கள். ஒரு சின்னப் பெண் பார்த்துவிட்டு ஓடி வந்து கௌரா தேவியிடம் சொன்னாள்.

அடுப்பு வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியது இருபத்தேழு பேர். பெண்களும் சிறுமிகளும். காட்டில் கூலியாட்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கௌரா தேவி முதலில் சண்டை போடவில்லை. சாப்பிட்டு முடித்துக் கீழே வாருங்கள், ஊர் ஆம்பிளைங்க வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றுதான் கேட்டிருக்கிறார். குடித்திருந்த ஒருவன் துப்பாக்கியோடு முன்னால் வந்தான். அப்போதுதான் அவர் எதிரே போய் நின்றார். இந்தக் காடு எங்க தாய்வீடு என்று சொன்னதாக அந்த ஊரில் இன்னும் சொல்கிறார்கள். கட்டிக்கொடுத்து வந்த பெண்ணுக்குப் புகுந்த ஊரில் ஒரு தாய்வீடு என்றால், அதன் அர்த்தம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்கள் இறங்கிப் போனார்கள். பெண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். அன்று அங்கே காமிரா எதுவும் இல்லை. நாம் பார்க்கிற படங்கள் பெரும்பாலும் பின்னால் எடுத்தவை.

பிறகு நடந்ததெல்லாம் அரசு வழி. டெல்லி தாவரவியல் பேராசிரியர் வீரேந்திர குமார் தலைமையில் குழு, அதன் அறிக்கை, அதன் பேரில் ரேணியைச் சுற்றி அலக்நந்தாவின் மேல்பகுதியில் சுமார் 1,200 சதுர கிலோமீட்டரில் பத்து வருஷத்துக்கு மரம் வெட்டத் தடை. 1980-ல் பிரதமர் இந்திரா காந்தி காலத்தில், அன்றைய உத்தரப் பிரதேச இமயமலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே பச்சை மரம் வெட்டப் பதினைந்து வருஷத் தடை.

தடை வந்துவிட்டது. நிலம்?

ஏற்கெனவே மொட்டையாகிவிட்ட சரிவுகள் அப்படியேதான் கிடந்தன. தடை உத்தரவு ஒரு கட்டுப் புல் முளைக்க வைக்காது. வெட்டுவதை நிறுத்தினால் போதும், தானாக வளரும் என்று நினைத்தால், மாடும் ஆடும் விடாது. நம்ம விறகு அரிவாளும் விடாது. இங்கேதான் சண்டி பிரசாத் பட்டும் அவருடைய சங்கமும் ரொம்பச் சரியான ஒரு காரியம் செய்தார்கள் என்பது என் எண்ணம். கோஷத்தை அத்தோடு நிறுத்திவிட்டு முகாம் போட ஆரம்பித்தார்கள். ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பது, கல்லூரிப் பிள்ளைகளும் பக்கத்து ஊர்க்காரர்களும் அங்கே சில நாள் தங்குவது, பகலில் குழி வெட்டுவது, கல் சுவர் எழுப்புவது, கன்று நடுவது, இரவில் உட்கார்ந்து பேசுவது. ஆரம்பத்தில் ஆண்கள்தான் அதிகம் வந்தார்கள். போகப் போகப் பெண்கள் கூட்டம் ஆண்களை மிஞ்சிவிட்டது.

இரவுப் பேச்சில் ஒரு தகராறு திரும்பத் திரும்ப வந்தது. என்ன மரம் நடுவது? ஆண்கள் பழமரம் கேட்டார்கள். விற்கலாம், காசு வரும். பெண்கள் முடியாது என்றார்கள். பழம் விற்ற காசு யார் கையில் இருக்கும், எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். மாட்டுக்குக் குழையும் அடுப்புக்கு விறகும் தருகிற மரம், அதுவும் ஊருக்குப் பக்கத்தில். கருவாலி, பீமல் மாதிரி மரங்கள். ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மலை ஏறி இறங்குகிறவளுடைய கணக்கு அது. கருவாலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் அடியில் சருகு மக்கி மெத்தை மாதிரிக் கிடக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். பைன் மரத்தடியில் ஊசிச் சருகு காய்ந்து கிடக்கும், கோடையில் ஒரு தீக்குச்சி போதும். ஊற்றில் தண்ணீர் எடுக்கிறவளுக்கு இந்த வித்தியாசம் புத்தகம் படிக்காமலே தெரியும்.

பெண்கள் சொன்ன மரத்தை நட்ட இடங்களில் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மாடு புகாமல் கல் சுவர், வறட்சியில் தலைச்சுமையாகத் தொழுவுரம். நட்டதில் பெரும்பகுதி பிழைத்தது. அதே காலத்தில் துறை நட்டதில் பெரும்பகுதி பிழைக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். துறை ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்து மைல் தூரத்தில் குடியிருக்கிற காவலருக்கு, ஒரு கன்று வாடினால் அன்றைக்கே தெரிய வழி இல்லை. அவ்வளவுதான்.

எல்லா ஊரிலும் ஆண்கள் கூடவே நின்றார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். டெஹ்ரி பக்கம் அத்வானி என்ற ஊரில் பச்னி தேவி எதிர்த்து நின்றது, வெட்டு வேலையை எடுத்திருந்த தன் சொந்தக் கணவரை. 1980-ல் டூங்ரி-பைந்தோலி ஊர்களில் இன்னும் கஷ்டம். ஊருக்கு மேலே இருந்த கருவாலிக் காட்டை அழித்து உருளைக்கிழங்குப் பண்ணை வைக்க அரசுத்துறை ஒன்று கேட்டது. பதிலுக்கு சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, மின்சாரம் என்று பேச்சு. ஊர் ஆண்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். யோசித்தால் அவர்களையும் திட்ட முடியவில்லை. பிரசவ வலியில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்குகிற ஊருக்கு மருத்துவமனை வேண்டாமா? ஆனால் காடு போனால் குழைக்கும் விறகுக்கும் இன்னும் ஐந்து மைல் கூட நடப்பது யார் என்று யாரும் பெண்களைக் கேட்கவில்லை. கேட்காமலே அவர்கள் காட்டுக்குப் போய் வேலையை நிறுத்தினார்கள். வீட்டில் மிரட்டல், ஊரில் ஏச்சு. வெட்டு நின்றது. அதற்குப் பிறகு பெண்கள் கேட்டது ஒன்றுதான்: காட்டைப் பற்றி ஊர் முடிவெடுக்கும் கூட்டத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும்.

பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் இதைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்து 2010-ல் புத்தகமாக எழுதினார். குஜராத்திலும் நேபாளத்திலும் ஊர்க் காட்டுக் கமிட்டிகளை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறார். கமிட்டியில் பேருக்கு ஒரு பெண் இருந்தால் ஒன்றும் மாறவில்லை. கணிசமான எண்ணிக்கையில், அதுவும் நிலமில்லாத ஏழைப் பெண்கள் இருந்த இடத்தில் காட்டின் நிலை நன்றாக இருந்தது. காவலில் பெண்கள் பிடித்துக் கொடுத்த திருடனை ஆண்கள் கமிட்டி அபராதம் போடாமல் விட்டுவிட்டால், அடுத்த நாள் காவலுக்குப் போக யாருக்கு மனசு வரும்?

இப்போது உஃப்ரைங்கால் தடிக்குத் திரும்பலாம். சச்சிதானந்த் பாரதி என்ற இளைஞர் கோபேஷ்வரில் கல்லூரிப் படிப்பு படிக்கும்போது சிப்கோவில் சேர்ந்தவர். படிப்பு முடிந்து 1979-ல் ஊர் திரும்பினார். அங்கே தூதாதோலி மலையில் மரம் வெட்டும் வேலை நடக்க இருந்தது. ஊரைத் திரட்டி நிறுத்தினார். 1980-ல் முதல் முகாம். வேலை பள்ளிக்கூட வாத்தியார். மற்ற நேரம் இது. பிள்ளைகளை விட்டு வாதுமைக் கொட்டை பொறுக்க வைத்து நாற்றங்கால் போட்டார்கள். நாற்று விற்ற காசில் அடுத்த முகாம். சிறுகச் சிறுகச் சேர்த்து அடுத்ததற்குப் போடுவது நமக்குத் தெரிந்த வழிதானே. நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் மகிளா மங்கள் தளங்கள் எழுந்தன. மணித்தடி வாசல் வாசலாக நடக்க ஆரம்பித்தது.

1987-ல் பெரிய வறட்சி. நட்ட கன்றுகள் வாடின. தண்ணீர் இல்லாமல் காவல் மட்டும் இருந்து என்ன பயன் என்று யோசித்தபோது, ஊர்ப் பேரே பதில் சொன்னது. உஃப்ரைங்கால் என்ற பேரில் உள்ள கால் என்பது நம்ம கால் இல்லை. மலை முதுகில் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு அங்கே கால் என்று பேர், அதிலும் சின்னதுக்குச் சால். அந்த மலைகளில் கால் என்று முடிகிற ஊர் எத்தனையோ. பேர் இருக்கிறது, பள்ளம் தூர்ந்துவிட்டது. நம்ம பக்கம் ஊருணி என்று பேர் மட்டும் தாங்கி நிற்கிற பஸ் ஸ்டாப்புகள் என் ஞாபகத்துக்கு வந்தன.

தொண்ணூறுகளில் பெண்கள் சரிவுகளில் சின்னச் சின்னக் குழிகள் வெட்டினார்கள். பெரிய குளம் வெட்டினால் மலை தாங்காது, உடைத்துக்கொண்டு போகும். அதனால் மேலிருந்து கீழே வரிசையாக, ஒன்று நிரம்பினால் அடுத்ததில் இறங்குகிற மாதிரி. சுற்றிலும் புல்லும் மரமும். பத்தாயிரத்தைத் தாண்டி, இப்போது முப்பதாயிரத்தை ஒட்டி என்கிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஓடை கோடையிலும் ஓட ஆரம்பித்தது. மக்கள் அதற்கு காட்கங்கா என்று புதுப் பேர் வைத்தார்கள். பெரிய வெளிநாட்டு நிதித் திட்டம் அந்தப் பக்கம் வந்தபோது, எங்க காட்டை நாங்க பார்த்துக்கிட்டிருக்கோம், வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதையும் எழுத்தாளர் அனுபம் மிஸ்ரா எழுதி வைத்திருக்கிறார். சரியான முடிவா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லுகிற நிலையில் அவர்கள் இருந்தார்கள்.

சமோலி மாவட்டத்திலேயே குவால்தம் என்ற ஊரில் 1995 வாக்கில் இன்னொரு வழக்கம் தொடங்கியது. கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டில் ஒரு கன்று நடுகிறார்கள். பேர் மைத்தி, தாய்வீட்டைச் சேர்ந்தது என்று பொருள். புகுந்த வீடு போன மகளை நினைத்து அம்மாவும் ஊர்ப் பெண்பிள்ளைகளும் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தொடங்கி வைத்தவர் ஓர் ஆசிரியர், கல்யாண் சிங் ராவத். நூறு நாள் வேலையில் நட்ட கன்று காயலாம். மகள் நட்ட கன்றை எந்த அம்மா காயவிடுவாள்?

ரேணிக்கு என்ன ஆயிற்று? இதைச் சொல்லாமல் முடித்தால் நியாயமில்லை. 1982-ல் மேலே உள்ள நந்தா தேவி மலைப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. 1988-ல் உலகப் பாரம்பரிய இடம். எந்த ஊர்ப் பெண்கள் காட்டைக் காப்பாற்றினார்களோ, அந்த ரேணிக்காரர்களும் லாதாக்காரர்களும் உள்ளே ஆடு ஓட்டிப் போகக்கூடாது, மூலிகை எடுக்கக்கூடாது. மலையேற வருகிறவர்களுக்குச் சுமை தூக்கிச் சம்பாதித்ததும் போயிற்று. 1998-ல் லாதா மக்கள் தடையை மீறி உள்ளே நடந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். பிறகு 2003-ல் கொஞ்சம் தளர்த்தி, உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டிகளாகப் போகிற அளவுக்குத் திறந்தார்கள். காப்பாற்றுவது என்றால் ஆளை வெளியே தள்ளிப் பூட்டுவது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். புல்லுக்கு நாள் குறித்துத் திறந்து அடைத்த பழைய ஊர்க் கட்டுப்பாட்டை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

கௌரா தேவி 1991 ஜூலையில் இறந்தார்.

கீழே ஆற்றில் நீர்மின் நிலையம் வந்தது. பாறைக்கு வெடி வைக்கிறார்கள், ஊர் நடுங்குகிறது என்று 2019-ல் ரேணி மக்கள் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். 2021 பிப்ரவரி 7 காலையில் மேலே பாறையும் பனியும் பிளந்து விழுந்து ரிஷிகங்காவில் வெள்ளம் வந்தது. மின் நிலையம் அடித்துக்கொண்டு போயிற்று. ரேணியிலும் கீழே தபோவனத்திலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போனார்கள். அந்த ஜூன் மாத மழையில் ஊர் நிலமே இறங்க ஆரம்பித்தது. சாலையோரம் இருந்த கௌரா தேவியின் சிலையைப் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எடுக்கும்போது ஊர்ப் பெண்கள் அழுதார்கள்.

வெள்ளம் மறுபடி வருமோ என்று பயந்த அந்த நாட்களில், ராத்திரி வீட்டில் படுக்கத் துணிவில்லாமல் ரேணிக்காரர்கள் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். படுத்தது 1974-ல் அந்த இருபத்தேழு பேர் காவல் இருந்த மலைக்காட்டில்.